விதி எங்கே இருக்கிறது? மலாக்கா ஷாபந்தர் முதல் ஓ.ஆர்.எம். வரை



படிவம் 5 மாணவர் ஒருவர் மாலை வகுப்பில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “சார், ஓ.ஆர்.எம். இருந்தா எஸ்.க்யூ.எல். எழுதவே வேணாம்னு எங்க அண்ணன் சொல்றாரு. அப்புறம் ஏன் தரவுத்தளத்துக்குள்ளேயே ஸ்டோர்டு ப்ரொசீஜர்னு ஒன்னு எழுதி வைக்கிறாங்க? ரெண்டுல எது சரி?” அண்ணன் டுரியான் துங்கலில் கணினி படிக்கிறவர். இருவரும் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள்.

கேள்வி சின்னதுதான். ஆனால் வரலாற்றைத் தொடாமல் அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அன்று கரும்பலகையில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கணினிப் பாட ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, படிவம் 2-இல் மலாக்கா சுல்தானகத்தை நடத்தும் வரலாற்று ஆசிரியர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்பதைச் சேமித்த செயல்முறை எனலாம். தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு பெயரில் எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளின் தொகுப்பு அது. வெளியே இருக்கிற நிரல் அந்தப் பெயரைச் சொல்லி, வேண்டிய மதிப்புகளைக் கொடுத்து அழைக்கும். வேலை உள்ளேயே நடக்கும். முடிவு மட்டும் வெளியே வரும்.

ஓ.ஆர்.எம். என்பது பொருளுக்கும் அட்டவணைக்கும் இடையில் நிற்கும் ஓர் இணைப்புக் கருவி. நிரலாளர் ஜாவாவிலோ பைத்தானிலோ ‘தொழிலாளி’ என்று ஒரு பொருளை உருவாக்குகிறார். தரவுத்தளத்தில் ‘தொழிலாளி’ என்று ஓர் அட்டவணை இருக்கிறது. இதை அதுவாகவும் அதை இதுவாகவும் மாற்றிக் கொடுப்பது கருவியின் வேலை. ஹைபர்னேட், எண்டிட்டி ஃபிரேம்வொர்க், எஸ்.க்யூ.எல். ஆல்கெமி போன்றவை இந்த வகை.

ஒன்று விதியை உள்ளே வைத்திருக்கிறது. மற்றொன்று இடையில் நின்று பேசுகிறது. இந்த இரண்டு ஏற்பாடுகளும் நம் மலாக்காவுக்குப் புதிதல்ல.

1. துறைமுகத்தில் ஓர் ஒழுங்கு

மலாக்காவில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள் என்று எல்லா மாணவர்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். குஜராத்தியருக்கு ஒருவர். நம் தமிழ் வணிகர்கள், வங்காளியர், பெகு, பாசாய் வணிகர்கள் ஆகியோருக்கு ஒருவர். ஜாவா, மலுக்கு, பண்டா, பலெம்பாங், போர்னியோ, லூசோன் பக்கத்திலிருந்து வருவோருக்கு ஒருவர். சீனா, சம்பா, ரியூக்கியூ வணிகர்களுக்கு ஒருவர்.

ஏன் நான்கு பேர் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பதில் தெளிவாகத் தெரியும். கப்பலில் வந்தவருக்கு மலாக்காவின் நடைமுறை தெரியாது, பாஷையும் தெரியாது. பெண்டஹாராவுக்கு வந்தவரின் பாஷை தெரியாது. இருவருக்கும் நடுவில், இரண்டு பக்கமும் புரிந்த ஓர் ஆள் வேண்டும். அவர்தான் ஷாபந்தர்.

1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பிரேஸ், தம் ‘சூமா ஓரியண்டல்’ நூலில் அந்த நடைமுறையை எழுதி வைத்திருக்கிறார். கப்பல் வந்ததும் அதன் தலைவர் தம் கூட்டத்துக்குரிய ஷாபந்தரிடம் போவார். ஷாபந்தர் அவரைப் பெண்டஹாராவிடம் அழைத்துப் போவார். கிடங்கு ஒதுக்குவார், தங்க இடம் பார்ப்பார், சரக்கை நகர்த்த யானைகளுக்கும் ஏற்பாடு செய்வார். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு என்று சுங்கம். கிழக்கிலிருந்து வந்தவர்கள் சுங்கம் கட்டுவதில்லை; அன்பளிப்பு கொடுத்தார்கள். பெரிய கப்பலின் சரக்குக்கு விலை பேச உள்ளூர் வணிகர்கள் பத்து, இருபது பேர் கூடி மதிப்பிட்டுப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இதைக் கவனியுங்கள். ‘நூற்றுக்கு ஆறு’ என்ற விதி எங்கே இருந்தது? கப்பலில் இல்லை, துறைமுகத்தில் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வந்தாலும் வங்காளத்திலிருந்து வந்தாலும் அந்தக் கணக்கை வணிகர் தம் கையால் போடத் தேவையில்லை. சரக்கைக் காட்டினால் போதும், கணக்கு துறைமுகத்தின் வேலை. சேமித்த செயல்முறை என்பதன் சாரம் இதுவே. இடையில் நின்று இரு பக்கத்தையும் இணைத்த ஷாபந்தர் ஓ.ஆர்.எம். போன்றவர். வணிகர் ஷாபந்தர் வழியாகத் துறைமுகத்தின் விதியை அழைத்தார்.

உவமையை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஷாபந்தருக்கு அதிகாரம் உண்டு, விருப்பு வெறுப்பும் உண்டு. கருவிக்கு அவை இல்லை. ஆனால் வகுப்பில் தொடங்குவதற்கு இதைவிடப் பக்கத்தில் உள்ள உதாரணம் கிடைக்காது.

2. தோட்டத்து ஆபீசும் செக்ரோலும்

அடுத்த உதாரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1896-இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவில் வணிக அளவிலான ரப்பர் தோட்டத்தின் தொடக்கம் நம் மாநிலம்தான். தோட்டம் பெருகியதும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் பெருகியது. 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. கங்காணி முறையில் நம் பாட்டன், பாட்டி வந்து இறங்கினார்கள். 1938-இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு உதவியுடன் ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

துரைக்குத் தமிழ் அரைகுறை. தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் கங்காணி இருந்தார். தம் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அந்தக் கணக்குப்படி கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. இந்தத் தலைக்காசை நினைவில் வையுங்கள், பிறகு திரும்ப வருவோம்.

விடியும் முன் பெரட்டு. பேர் கூப்பிட்டு மண்டோர் தம் பாக்கெட் புத்தகத்தில் குறிப்பார். பிறகு பால்வெட்டு. பகலில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் பால் நிறுப்பார்கள். மெட்ரோலாக்கை விட்டு எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்ப்பார்கள். அந்த எண்கள் கிராணியிடம் போகும். கிராணி செக்ரோலில் ஏற்றுவார். நாள் கூலி, கூடுதல் எடைக்கான காசு, ரப்பர் விலையை ஒட்டிய போனஸ், பிடித்தம் எல்லாம் சேர்த்து மாதக் கடைசியில் ஒரு தொகை வரும்.

இங்கேயும் அதே ஏற்பாடுதான். தொழிலாளி கொடுப்பது இரண்டே மதிப்புகள்: வந்த நாள், வெட்டிய பால். கணக்கிடும் விதி ஆபீசுக்குள் இருக்கிறது. வெளியே வருவது சம்பளம் மட்டும்.

என் அம்மா ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒரு மாதம் சம்பளத்தில் இரண்டு நாள் கூலி குறைந்திருந்தது. அம்மாவுக்குச் சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியாது. ஆனால் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் வேலைக்குப் போன நாளெல்லாம் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். “கணக்கு இப்படித்தான் வந்திருக்கு, நான் என்ன செய்றது?” என்றார் அங்கே இருந்தவர். அம்மா நகரவில்லை. கடைசியில் மண்டோர் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், அந்த இரண்டு நாளும் அம்மா பேர் இருக்கிறது. செக்ரோலில் ஏற்றும்போதுதான் விட்டுப்போயிருக்கிறது. அடுத்த மாதம் காசு வந்தது.

அந்தச் சம்பவம் எனக்கு இரண்டு பாடம் சொன்னது. ஒன்று, ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒருநாள் இரண்டும் வேறுபடும். இரண்டு, ‘கணக்கு இப்படித்தான் வந்திருக்கு’ என்பது பதில் ஆகாது. விதி எங்கே இருக்கிறது, யார் அதைத் திறந்து பார்க்கலாம் என்பது சோறு சம்பந்தப்பட்ட கேள்வி. கணினி வந்த பிறகும் அந்தக் கேள்வி மாறவில்லை.

3. 1970: அட்டவணையின் பிறப்பு

இப்போது கணினி வரலாற்றுக்கு வருவோம். 1970 ஜூன் மாதம், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறப்பால் ஆங்கிலேயர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர். தரவை அட்டவணைகளாக வைக்கலாம், அட்டவணைகளுக்கு இடையிலான உறவைக் கணிதத்தின் கண முறையில் கையாளலாம் என்றார். அதுவரை ஒரு தகவலைத் தேட, அது எந்த வழியில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று நிரலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட் அந்தச் சுமையை நீக்கினார். எது வேண்டும் என்று கேள். எப்படி எடுப்பது என்பதைத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும்.

1974-இல் அதே ஐ.பி.எம்.-இல் டான் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் ‘சீக்வல்’ என்ற கேள்வி மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அதுவே பிறகு எஸ்.க்யூ.எல். ஆனது. 1979-இல், இன்று ஆரக்கிள் எனப்படும் நிறுவனம் எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1987-இல் அனைத்துலகத் தர நிறுவனமும் அதைத் தரப்படுத்தின. படிவம் 4-இல் ‘பங்காலான் டேட்டா’ என்றும் படிவம் 5-இல் அதன் மேல்நிலைப் பகுதியாகவும் நீங்கள் படிப்பது இந்த மரபைத்தான்.

4. விதி உள்ளே போன கதை

1980-களில் மேசைக் கணினிகள் அலுவலகங்களுக்குள் வந்தன. பெரிய கணினி ஒன்றில் தரவுத்தளம். பல மேசைக் கணினிகளில் நிரல். நடுவில் மெதுவான கம்பித் தொடர்பு. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது.

நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 200 தொழிலாளர், ஆளுக்கு 26 வேலை நாள். மாதச் சம்பளம் போட 5,200 வரிசைகளைப் பார்க்க வேண்டும். அத்தனையையும் கம்பி வழியாக மேசைக்கு இழுத்து, கணக்குப் போட்டு, திரும்ப அனுப்புவதா? அல்லது ‘இந்த மாதச் சம்பளத்தைப் போடு’ என்று ஒரே ஒரு வரி அனுப்பி, வேலையைத் தரவு இருக்கும் இடத்திலேயே செய்வதா?

1984-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மார்க் ஹாஃப்மன், பாப் எப்ஸ்டீன் இருவரும் தொடங்கிய சைபேஸ் நிறுவனம் இரண்டாவது வழியை எடுத்தது. 1987-இல் வந்த அதன் எஸ்.க்யூ.எல். சர்வரில் சேமித்த செயல்முறைகள் இருந்தன; ஒரு மாற்றம் நடந்தால் தானாக ஓடும் டிரிகர்களும் இருந்தன. மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தோடு சேர்ந்துதான் 1989-இல் தன் முதல் எஸ்.க்யூ.எல். சர்வரை வெளியிட்டது. 1992-இல் ஆரக்கிள் 7, செயல்முறைகளைத் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்கும் வசதியைக் கொடுத்தது. 1996-இல் இதற்கும் ஒரு தரம் வந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் அதற்குள் தன் சொந்த மொழியில் பேசப் பழகிவிட்டிருந்தது. ஆகவே ஆரக்கிளுக்கு எழுதியது மைக்ரோசாஃப்டில் அப்படியே ஓடாது. இன்றைக்கும் அதே நிலைதான்.

வேகத்தைத் தவிர இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. தேர்வில் எழுத வேண்டியவை. முதலாவது, விதி ஒரே இடத்தில் இருக்கும். சம்பள விதி மாறினால் 20 மேசைக் கணினிகளைத் தேடிப் போக வேண்டாம். இரண்டாவது பாதுகாப்பு. ஒருவருக்குச் செயல்முறையை ஓட்ட அனுமதி கொடுத்துவிட்டு, அட்டவணையைத் தொட அனுமதி கொடுக்காமல் இருக்கலாம். செக்ரோலைக் கையில் கொடுக்காமல், பேர் போட மட்டும் விடுவது மாதிரி.

5. இடையாள் வந்த கதை

இதே காலத்தில் நிரல் மொழிகள் வேறு திசையில் வளர்ந்தன. நார்வேயில் டாலும் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67, பிறகு ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஸ்மால்டாக், 1985-இல் சி++, 1995-இல் ஜாவா. இவை உலகைப் பொருள்களாகப் பார்க்கின்றன. ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்று மரபுரிமை பெறும். அட்டவணைக்கு இந்த பாஷை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வரிசையும் நெடுவரிசையும்தான்.

பொருந்தாத இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஷாபந்தர் தேவைப்பட்டார். 1994-இல் கனடாவின் ஒட்டாவாவில், கார்ல்டன் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடையவர்கள் தொடங்கிய தி ஆப்ஜெக்ட் பீப்பிள் நிறுவனம் ஸ்மால்டாக் மொழிக்கு டாப்லிங்க் என்ற கருவியை வெளியிட்டது. அது பிறகு ஜாவாவுக்கும் வந்தது. 2002-இல் ஆரக்கிள் அதை வாங்கிக்கொண்டது. 2001-இல் ஆஸ்திரேலியர் கெவின் கிங் ஹைபர்னேட்டைத் தொடங்கினார். அப்போது ஜாவாவில் இருந்த எண்டர்பிரைஸ் பீன்ஸ் முறை கனமாகவும் சிக்கலாகவும் இருந்ததால், எளிதான வழி தேடியவர் அவர். 2002 கடைசியில் வந்த மார்ட்டின் ஃபவுலரின் நூல், இந்தக் கருவிகளின் அமைப்புகளுக்கு ‘ஆக்டிவ் ரெக்கார்ட்’, ‘டேட்டா மேப்பர்’ என்று பெயர் கொடுத்தது. 2004-இல் டென்மார்க்காரர் டேவிட் ஹைனமையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ், முதல் பெயரையே தன் கருவிக்கு வைத்துக்கொண்டது.

ஹான்சன் ஒரு கட்சியைத் தெளிவாகப் பேசினார். புத்திசாலித்தனம் ஒரே அடுக்கில், அதாவது நிரலில், இருக்கட்டும். தரவுத்தளம் சேமித்து வைத்தால் போதும் என்பது அவர் வாதம். அந்தக் காலத்தில் வலைத்தளங்களில் பரவலாக இருந்த மைசீக்வலில் சேமித்த செயல்முறையே கிடையாது. அது 2005 அக்டோபரில் 5.0 பதிப்பில்தான் வந்தது. ஒரு தலைமுறை நிரலாளர்கள் அதைத் தொடாமலே வளர்ந்தார்கள். மாணவரின் அண்ணன் சொன்ன ‘எஸ்.க்யூ.எல். எழுதவே வேணாம்’ என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் தலைக்காசை மறக்கக் கூடாது. இடையாள் சும்மா வேலை செய்ய மாட்டார். 200 தொழிலாளரின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரின் வருகையையும் ஒரு சுழற்சியில் கேட்டால், கவனமில்லாமல் எழுதிய ஓ.ஆர்.எம். நிரல் 201 கேள்விகளைத் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடும். பட்டியலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. நிரலாளர் கண்ணுக்கு அது மூன்று வரி நிரலாகத்தான் தெரியும். இதை ‘என் கூட்டல் ஒன்று’ சிக்கல் என்பார்கள்.

6. இரண்டும் சந்தித்தபோது

வங்கி, காப்புறுதி, சம்பளப் பிரிவு போன்ற இடங்களில் பல ஆண்டுகளாக எழுதப்பட்ட செயல்முறைகள் தரவுத்தளத்துக்குள் இருந்தன. புது நிரலாளர்கள் ஓ.ஆர்.எம். கருவியோடு வந்தார்கள். பழையதைத் தூக்கி எறிய முடியாது. ஆகவே கருவி வழியாகவே செயல்முறையை அழைக்க வழி தேடினார்கள்.

2005-இல் வந்த ஹைபர்னேட் 3 அந்த வசதியைக் கொடுத்தது, ஆனால் நிபந்தனையோடு. ஆரக்கிளில் என்றால், செயல்முறையின் முதல் அளபுரு முடிவு வரிசைகளை வெளியே கொடுப்பதாக இருக்க வேண்டும். பழைய செயல்முறைகள் அந்த வடிவில் எழுதப்படவில்லை. சிலர் பழையதைச் சுற்றி ஓர் உறை செயல்முறை எழுதினார்கள். சிலர் கருவியை ஒதுக்கிவிட்டு நேரடியாக அழைத்தார்கள். 2006-இல் ஜாவாவுக்குப் பொதுத் தரமாக ஜே.பி.ஏ. வந்தபோது அதில் செயல்முறையை அழைக்கத் தனி வழி இல்லை. 2013-இல் வந்த 2.1 பதிப்பில்தான் சேமித்த செயல்முறைக் கேள்வி என்ற தனி வசதி சேர்ந்தது.

மைக்ரோசாஃப்ட் பக்கத்திலும் இதே ஊசலாட்டம். 2008-இல் வந்த எண்டிட்டி ஃபிரேம்வொர்க்கில், வரைபடத்தில் செயல்முறையைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தது. 2013-இல் 6-ஆம் பதிப்பு, சேர்த்தல், திருத்தல், நீக்கல் மூன்றையும் செயல்முறை வழியாகச் செய்ய நிரலிலிருந்தே அனுமதித்தது. 2016-இல் புதிதாக எழுதப்பட்ட கோர் பதிப்பு வந்தபோது அந்த வசதி இல்லை. 2022 நவம்பரில் 7-ஆம் பதிப்பில் திரும்ப வந்தது. போஸ்ட்கிரஸில் செயற்கூறுகள் நெடுங்காலம் இருந்தாலும், ‘ப்ரொசீஜர்’ என்ற பெயரிலேயே ஒன்றை உருவாக்கும் கட்டளை 2018-இல் 11-ஆம் பதிப்பில்தான் வந்தது.

இந்த ஆண்டுகளைப் பாருங்கள். ‘பழையது போய்ப் புதியது வந்தது’ என்ற நேர்க்கோட்டு வரலாறு இங்கே இல்லை. விட்டதைத் திரும்பப் போய் எடுத்துக்கொண்ட வரலாறு இது.

7. அழைக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆசிரியர்கள் செய்முறையில் காட்டும்போது இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் காட்டலாம்.

ஒன்று: அளபுருக்கள். உள்ளே போவது, வெளியே வருவது, இரண்டும் செய்வது என மூன்று வகை. பெயர், வகை, திசை மூன்றையும் கருவியிடம் சரியாகச் சொல்ல வேண்டும். நாள் என்ற இடத்தில் எழுத்தை அனுப்பினால் பிழை வரும்.

இரண்டு: மதிப்பை ஒட்டி எழுதாதீர்கள். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே கட்டளை வரியோடு ஒட்டினால், அவர் கட்டளையையே மாற்றிவிடலாம். இதை எஸ்.க்யூ.எல். ஊடுருவல் என்கிறோம். மதிப்பை அளபுருவாகத் தனியே கொடுத்தால் அந்த ஆபத்து தவிர்க்கப்படும். செயல்முறை என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. அதற்குள்ளேயே யாராவது வரியை ஒட்டிக் கட்டளை உருவாக்கினால் அதே ஓட்டை மீண்டும் திறக்கும்.

மூன்று: வெளியே வரும் வரிசைகளைப் பொருளாக மாற்றுவது. செயல்முறை ‘மொத்தச் சம்பளம்’ என்ற நெடுவரிசையைக் கொடுக்கிறது, உங்கள் பொருளில் ‘சம்பளம்’ என்று இருக்கிறது என்றால், இரண்டும் ஒன்றுதான் என்று கருவிக்கு நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும்.

நான்கு: இரண்டு புத்தகப் பிரச்சினை. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஓ.ஆர்.எம். தான் எடுத்த வரிசைகளின் நகலைத் தன் நினைவில் வைத்திருக்கும். ஒரு தொழிலாளியின் முன்பணக் கடன் 50 ரிங்கிட் என்று எடுத்து வைத்திருக்கிறது. நீங்கள் செயல்முறையை அழைக்கிறீர்கள். அது தரவுத்தளத்தில் கடனை 30 ஆக்குகிறது. கருவிக்கு அது தெரியாது. அதன் நகலில் இன்னும் 50தான். பிறகு அதே பொருளில் தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமித்தால் என்ன ஆகும்? ஹைபர்னேட் போன்ற கருவி வழக்கமாக எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்தே எழுதும். கடன் திரும்ப 50 ஆகிவிடும். தொழிலாளி கட்டிய 20 ரிங்கிட் காணாமல் போகும். மண்டோர் புத்தகமும் செக்ரோலும் வேறுபட்ட அதே கதைதான். தீர்வு இரண்டு படிகள்: அழைக்கும் முன் நிலுவையில் உள்ள மாற்றங்களைத் தரவுத்தளத்துக்குத் தள்ளுங்கள், அழைத்த பின் பொருளைப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: பரிமாற்றம். செயல்முறையும் மற்ற சேமிப்புகளும் ஒரே பரிமாற்றத்துக்குள் இருக்க வேண்டும். பாதியில் பிழை வந்தால் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பாதிப் பேருக்கு மட்டும் சம்பளம் ஏறிய மாதம் யாருக்கும் நல்லதல்ல.

8. அப்போ எதுதான் சரி?

மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். தனித் தனிப் பதிவுகளைச் சேர்ப்பது, திருத்துவது, காட்டுவது போன்ற அன்றாட வேலைக்கு ஓ.ஆர்.எம். வசதி. ஆயிரக்கணக்கான வரிசைகளை ஒரே மூச்சில் கணக்கிடும் மாதக் கடைசி வேலைக்கும், பல நிரல்கள் ஒரே விதியைப் பகிர வேண்டிய இடத்துக்கும் சேமித்த செயல்முறை பொருத்தம். இரண்டும் தேவைப்படும் இடத்தில், கருவி வழியாகச் செயல்முறையை அழைக்கலாம், மேலே சொன்ன ஐந்தையும் கவனித்து.

அதோடு நான் நிறுத்தவில்லை. உள்ளே வைத்த விதிக்கு ஓர் ஆபத்து உண்டு. அது கண்ணில் படாது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விடுவார், நிரலைப் பாதுகாக்கும் களஞ்சியத்தில் அதன் பிரதி இருக்காது, சோதனையும் இருக்காது. கடைசியில் முகப்பில் உட்கார்ந்திருப்பவர், “சிஸ்டம்ல இப்படித்தான் காட்டுது” என்பார். என் அம்மா கேட்ட அதே வாக்கியம், வேறு சட்டை போட்டுக்கொண்டு.

நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், முதலாளி தொழிலாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே செயல்முறை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் விதியைச் சாதாரண மொழியில் ஒரு தாளிலும் எழுதி வைக்க வேண்டும். எந்த எண் எதிலிருந்து வந்தது என்று கேட்டவருக்குக் காட்டும்படி பதிவு வைக்க வேண்டும். மாற்றினால் யார், எப்போது மாற்றினார் என்று குறிக்க வேண்டும். இது நல்ல நிரலாளரின் பழக்கம் மட்டுமல்ல, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய ஞாபகமும் கூட.

இன்று நம் தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன. சில வீட்டு மனைகளாகிவிட்டன. பால் வெட்டிய குடும்பங்கள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ, அலோர் காஜா பக்கம் வந்துவிட்டன. புக்கிட் பெருவாங்கில் 1990-களிலிருந்து பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது; டுரியான் துங்கலில் இன்னொன்று. செக்ரோலில் பேர் ஏற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சம்பள மென்பொருள் எழுதும் இடத்தில் உட்காரப் போகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது கட்டளை வரியை மட்டுமல்ல. அந்தப் பக்கம் நாள்காட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்பதையும்தான்.

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்

1970: காட் கட்டுரை.
1974: சீக்வல் மொழி.
1979: ஆரக்கிளின் முதல் விற்பனைப் பதிப்பு.
1986–1987: எஸ்.க்யூ.எல். தரம்.
1987: சைபேஸில் சேமித்த செயல்முறையும் டிரிகரும்.
1992: ஆரக்கிள் 7.
1994: டாப்லிங்க்.
2001: ஹைபர்னேட்.
2005: மைசீக்வல் 5.0, ஹைபர்னேட் 3.
2006: ஜே.பி.ஏ.
2013: ஜே.பி.ஏ. 2.1, எண்டிட்டி ஃபிரேம்வொர்க் 6.
2022: எண்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 7.

வகுப்பில் பேச, எழுத

1. ஷாபந்தர் முறையை ஓ.ஆர்.எம். கருவியோடு ஒப்பிடுக. உவமை பொருந்தாத ஓர் இடத்தையும் குறிப்பிடுக.
2. 200 தொழிலாளரின் மாதச் சம்பளத்தைக் கணக்கிட, சேமித்த செயல்முறை ஏன் வேகமானது? இரண்டு காரணங்கள் தருக.
3. செயல்முறையை அழைத்த பின் பொருளைப் புதிதாக எடுக்காவிட்டால் என்ன பிழை வரலாம்? சொந்த உதாரணம் ஒன்றைக் கொண்டு விளக்குக.
4. “விதி ஒரே இடத்தில் இருந்தால் போதும், யாரும் பார்க்கத் தேவையில்லை.” இக்கூற்றை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் வீட்டில் தோட்ட வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் பேசி, அவர் சொன்னதையும் சேர்த்து எழுதுக.

நான்காவது கேள்விக்கு விடைத்தாளில் புள்ளி கிடைக்காது. ஆனாலும் அதை விட்டுவிடாதீர்கள். பெரட்டையும் செக்ரோலையும் நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள், இப்போதே கேட்டுவிடுங்கள்.